பதினேழாம் அத்தியாயத்தில் மழை

மேடையில் நான் தவறாமல் சொல்லும் ஒரு நகைச்சுவை உண்டு. "ஏஐ எழுதின கதையைக் கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். யாராவது அழுதா ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும்." கூட்டம் சிரிக்கும். நான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். சிரிப்பு அடங்கியதும் அடுத்ததை எடுத்து விடுவேன். "அதுக்கு அம்மா கிடையாது, பல்வலி கிடையாது, பொறாமை கிடையாது. அப்புறம் எதை வெச்சுங்க எழுதும்?" இதற்குக் கைதட்டல். மெஷினை வைத்துப் புத்தகம் எழுதுகிறவர்களை நான் வெளுத்து வாங்குவேன் என்பதற்காகவே என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் வஞ்சனை இல்லாமல் வெளுப்பேன்.

என் கடைசி நாவலின் பதினேழாம் அத்தியாயத்தில் மழை பெய்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா சாகிறாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மழை. எத்தனையோ ஆயிரம் பேர் படித்தார்கள். என் நகைச்சுவைக்குக் கைதட்டிய அதே ஆட்கள்தான் படித்தார்கள். ஒருவருக்குக்கூடப் பொறி தட்டவில்லை.

அந்த அத்தியாயத்தை நான் எழுதவில்லை.

நான் எழுதும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோடு போட்ட நோட்டில், பச்சை மையில், கையால் எழுதுவேன். பச்சை மைக்குப் பின்னால் பெரிய தத்துவம் இருப்பதாகப் பேட்டிகளில் அளந்திருக்கிறேன். உண்மையில் முதல் நாவல் எழுதும்போது கடையில் நீலம் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். எழுதி முடித்த நோட்டுகளுக்கு எண் போட்டு அலமாரியில் அடுக்கிவிட்டு, பிறகுதான் கணினியில் தட்டச்சு செய்வேன். கடைசி நாவலின் மூன்றாம் நோட்டில் பதினாறாம் அத்தியாயம் பாதிப் பக்கத்தில் முடிகிறது. அடுத்த பக்கத்தில் பதினெட்டு தொடங்குகிறது. நடுவில் ஒன்றுமில்லை.

நான்கு மாதம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கை ஓடவில்லை. ஓடாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். என் அம்மா ஆஸ்பத்திரியில் செத்தபோது நான் பக்கத்தில் இல்லை. எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு வாடகை அறையில் வேறொரு புத்தகத்தை முடித்துக்கொண்டிருந்தேன். தொல்லையாக இருக்கிறதென்று போனை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடியிருந்தேன். தம்பி பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று அவன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "உன் குரலைக் கேக்கணும்னுதான் இருந்தாங்க. உனக்கு நேரமில்ல. இதை எழுத மட்டும் நேரம் வந்துடும் பாரு." அதற்குப் பிறகு ஆறு வருஷம் பேசவில்லை.

பதிப்பாளர் தினமும் போன் செய்து உயிரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் பழைய அத்தியாயங்கள் மூன்றை ஏஐ-யிடம் கொடுத்து, அம்மா, மகள், ஆஸ்பத்திரி, கடைசி ஒரு மணி நேரம், இதே நடையில் எழுது என்று தட்டினேன். டீ கொதிக்க வைத்துவிட்டு வருவதற்குள் எழுதி வைத்திருந்தது. நான் மாற்றியது இரண்டே சொற்கள். மெய்ப்பு வரும்போது தூக்கிவிட்டு என்னுடையதைப் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெய்ப்பு வந்தது. நான் தூக்கவில்லை. அது நன்றாக இருந்தது. இன்றுவரை எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

புத்தகம் வந்து மூன்றாவது வாரம் தம்பியிடமிருந்து போன். ஆறு வருஷம் கழித்து.

"அக்கா," என்றான். அவ்வளவு நாளுக்கு அப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "பதினேழு படிச்சேன்."

"ம்."

"அம்மா கை போர்வை மேல தேடுது. நீ புடிச்சுக்கற. நான் எல்லார்கிட்டயும் சொன்னதை யாரோ உன்கிட்ட சொல்லியிருக்காங்க. அங்க நான் இருந்த இடத்துல உன்ன உக்கார வெச்சு எழுதியிருக்க." கொஞ்ச நேரம் அழுதான். "நீ அங்க இருந்திருக்க அக்கா. எப்படியோ இருந்திருக்க."

யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அம்மா கையைத் தேடியதாக அவன் சொந்தக்காரர்களிடம் சொல்லி வந்தது எனக்கு அன்றுதான் தெரியும். நான் "ஆமாண்டா" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்பி வருவான். அவன் லிப்ட் மெக்கானிக். சும்மா உட்காரத் தெரியாது. என் வீட்டுக் குழாயைக் கழற்றி மாட்டுவான், கதவுக்கு எண்ணெய் விடுவான், "இந்த பில்டிங் லிப்டை எவன் மாட்டினானோ" என்று திட்டுவான். அவன் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு டீ போடுவதைவிட எனக்கு வேறு சந்தோஷம் கிடையாது. புத்தகம் எழுதுவது உட்பட. என் பேரும் புகழும் போனால் போகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமைகளை இழக்க நான் தயாராக இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் பதிப்பாளருக்கு யோசனை வந்தது. அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் யோசனைகளுக்குப் பயப்பட வேண்டும்.

"மேடம், புதுப் பதிப்பு போடறோம். பின்னட்டைல ஒரு உறுதிமொழி. 'இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு சொல்லும் என் கையால் எழுதப்பட்டது.' கீழ உங்க கையெழுத்து, பச்சை மையில. முன்னாடி எட்டுப் பக்கம் உங்க நோட்டோட படம்."

"எந்த நோட்டு?"

"பதினேழாம் அத்தியாயம்தான் மேடம். ஜனங்க அதைத்தானே கேக்கறாங்க."

நோட்டு பழசு என்றேன், பரவாயில்லை என்றார். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்றேன், அதுதான் அழகு என்றார். நான் பிடி கொடுக்காமல் நழுவ நழுவ, அவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துத் தம்பிக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு தம்பி வந்ததும் வராததுமாகக் கேட்டான். "படம் எடுத்து முடிச்சதும் அந்த நோட்டை எனக்குத் தந்துடு அக்கா. அம்மா படத்துக்குக் கீழ வெக்கணும்." நான் தலையாட்டினேன். அடுத்த ஞாயிறு நாலு மணிக்குப் படம் எடுக்க வருவதாகப் பதிப்பாளர் நாள் குறித்தார்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போய் அதே மாதிரி நோட்டு வாங்கி வந்தேன். திட்டம் எளிமையானது. மெஷின் எழுதிய அத்தியாயத்தைப் பச்சை மையில் பார்த்து எழுத வேண்டும். அங்கங்கே அடித்தல் திருத்தல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. அடிப்பதற்கு முதலில் ஒரு தப்பான சொல் வேண்டும். அதை யோசித்துக் கண்டுபிடித்து, எழுதி, அடித்து, மேலே சரியான சொல்லைப் போட வேண்டும். ஒழுங்காக எழுதுவதே இதைவிட லேசு. முப்பது வருஷமாக எழுதுகிறவள், பரீட்சையில் காப்பியடிக்கிற பிள்ளை மாதிரி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். அவமானமாகத்தான் இருந்தது.

முதல் பக்கம் ஒப்பேறியது. இரண்டாம் பக்கத்தில் மழை வந்தது. கை நின்றுவிட்டது. அம்மா செத்த அன்று அந்த வாடகை அறையில் சுள்ளென்று வெயில் அடித்தது எனக்கு நினைவிருக்கிறது. "வெளியே வெயில்" என்று எழுதினேன். இதை அடித்துவிட்டு மழை என்று போட்டால் ஒரு நல்ல அடித்தல் கிடைக்கும் என்று நினைத்தேன். அடிக்க மனம் வரவில்லை. அடுத்த வரி, "மகள் கையைப் பற்றிக்கொண்டாள்." நான் எழுதியது, "மகள் அங்கே இல்லை."

அதற்குப் பிறகு புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. நான்கு மாதம் வராதது, மூன்று வருஷம் கழித்து அந்த மேஜையில் கொட்டியது. இழுப்பறைக்குள் போன் மரத்தில் உரசி உறுமியதை எழுதினேன். தம்பிதான் கூப்பிடுகிறான் என்று தெரிந்தும், இந்தப் பத்தியை முடித்துவிட்டு எடுக்கலாம் என்று நினைத்ததை எழுதினேன். பத்தி நன்றாக வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தையும் எழுதினேன். அது ஒரு அயோக்கியத்தனமான சந்தோஷம், அதையும் எழுதினேன். யாரும் இல்லாத கட்டிலை, பார்க்காத கட்டிலை, பார்க்கவில்லை என்று சொல்லியே எழுதினேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்குச் சற்று முன்னால் முடித்தபோது பதினாலு பக்கம். கடைசிப் பக்கங்களில் மை காயட்டும் என்று நோட்டை விரித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். நல்ல அத்தியாயம். நாலு மணிக்குக் காட்டவே முடியாத அத்தியாயம்.

தம்பி எப்போதும் பன்னிரண்டுக்கு வருவான். அன்று நோட்டைப் பார்க்கும் ஆசையில் பதினோரு மணிக்கே வந்துவிட்டான். பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கைப்பையைக் கீழே வைத்து, குளியலறையில் சோப்பு போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும் என்று நினைத்திருக்கிறான். எனக்கு உறைக்க அரை நிமிஷம் ஆயிற்று. ஓடி வந்து பார்த்தால் மேஜைக்கு முன்னால் நின்றபடி படித்துக்கொண்டிருந்தான்.

அந்த அத்தியாயம் அவனுக்கு மனப்பாடம். உதடு அசைய ஆரம்பித்து, ஓரிடத்தில் நின்றது.

"இது வேற," என்றான்.

"முதல்ல எழுதினது. அப்புறம் மாத்தினேன்." பொய் எனக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று நினைக்கவில்லை.

அவன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். விரலில் பச்சை ஒட்டியது. "மை ஈரமா இருக்கே அக்கா."

அடுப்பில் டீ பொங்கி வழிகிற வாசனை வந்தது. நான் போகவில்லை. இனிமேல் சப்பைக்கட்டு கட்டிப் பயனில்லை என்று தெரிந்தது.

"புத்தகத்துல இருக்கறத நான் எழுதல," என்றேன்.

"அப்புறம் யாரு?"

"ஏஐ."

"நீ மேடையில திட்டுவியே, அதா?"

"அதேதான்."

கிளம்பிப் போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். கைப்பையைக்கூட ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேன். அவன் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா கை தேடினது அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுடா. செத்துப்போறவங்களப் பத்தி யார் யாரோ எழுதினதை எல்லாம் படிச்சு வெச்சிருக்கு. அதுல எல்லாரும் கையைத் தேடறாங்க. அதனால நம்ம அம்மாவும் தேடினாங்க."

தம்பி சிரித்தான். சிரிக்கிற இடமே இல்லை அது. "நானும் அப்படித்தான் சொன்னேன்," என்றான்.

"எப்படி?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்கன்னு சொன்னேன். அம்மா தேடினாங்களான்னு எனக்குத் தெரியாது அக்கா. நான் அங்க இல்ல."

அவன் விரலில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"லிப்ட் சத்தம் கேட்டுச்சு. வராண்டாக் கடைசில. கதவு மூடும், திறக்கும், மூடும், திறக்கும். உள்ள யாரும் மாட்டிக்கல, காலியாத்தான் நின்னுச்சு. அம்மா மூச்சு விடற சத்தத்தை என்னால கேட்டுக்கிட்டு உக்கார முடியல. நான் மெக்கானிக், பாக்கறேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். கதவு சென்சார்ல தூசி. துடைச்சா சரியாயிடும், அஞ்சு நிமிஷ வேலை. நான் நாப்பது நிமிஷம் பாத்தேன்."

"அப்ப நீ பதினோரு தடவை கூப்பிட்டது?"

"எல்லாம் அதுக்கப்புறம்தான்."

"என் குரலைக் கேக்கணும்னு இருந்தாங்கன்னு சொன்னியே."

"சொன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷம். அந்த இழுப்பறையை ஒவ்வொரு நாளும் மனசுக்குள் திறந்து திறந்து மூடியிருக்கிறேன். எடுத்திருந்தால் அம்மா என் குரலைக் கேட்டிருப்பாள் என்று நினைத்து நினைத்துச் செத்திருக்கிறேன். அந்தப் போன் முதல் தடவை உறுமும்போதே அம்மா போயாகிவிட்டது. அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அவன் அறை வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கை எழவில்லை.

சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தேன். வழிந்ததைத் துடைத்தேன். துடைக்கும்போது ஒரு விஷயம் தோன்றியது. எல்லாம்தான் வெளியே வந்துவிட்டதே. இனி எனக்கு என்ன பயம்? மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு சரியாக வந்தது. திரும்பி வந்தபோது அவன் மீதிப் பக்கங்களையும் படித்து முடித்திருந்தான். சொன்னேன்.

"நாலு மணிக்கு அவர் வரட்டும். உண்மையைச் சொல்லிடறேன். பழசைத் தூக்கிட்டு இதைப் போடச் சொல்றேன். என் மானம் போகும், போகட்டும். இதுதான் நான் எழுதினது."

"வேண்டாம்," என்றான்.

"ஏன்?"

"இதுல அம்மா தனியா சாகறாங்க."

"அதுதானேடா நடந்துச்சு."

"நடந்தது எனக்குத் தெரியாதா?" முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. உடனே தணித்துக்கொண்டான். "தினமும் காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அதைப் படிக்கறேன் அக்கா. பத்து நிமிஷம். அந்த ரூம்ல போய் உக்காந்துட்டு வர்றேன். அன்னிக்கு உக்காராதத இப்ப உக்கார்றேன். நீ அதைத் தூக்கிட்டா நான் எங்க போய் உக்காருவேன்?"

"அது பொய். மெஷின் சொன்ன பொய்."

"நான் சொன்ன பொய்தான். அது பின்னாடி வந்து சொல்லுச்சு."

"நான் எழுதினது நல்லா இல்லையா?" கேட்டுவிட்டு வெட்கப்பட்டேன். அந்த நேரத்தில்கூட என் புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "நல்லா இருக்கு. படிக்க முடியல." நோட்டை மூடி என் பக்கம் தள்ளினான். "அதுல மழை பெய்யும்போது யாரோ பக்கத்துல இருக்காங்க. அன்னிக்கு மழை பெய்யல. பெஞ்சிருக்கலாம்."

ஏஐ பற்றி நான் மேடைகளில் சொன்ன எல்லா வாதங்களும் வாய் வரை வந்தன. அனுபவம், உண்மை, ரத்தமும் சதையும். ஒன்றையும் அவனிடம் சொல்ல முடியவில்லை. நான் உண்மையைச் சொன்னால் தம்பிக்கு அந்த அறை போய்விடும். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும், அவன் வந்தாலும் போய்விடும். சொல்லாவிட்டால், கடைசி வரை நான் அந்த மழைக்குள்ளேயே இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

தம்பி கைப்பையைத் திறந்தான். ஸ்பேனர்களுக்கு நடுவிலிருந்து என் நாவலை எடுத்தான். அட்டை முழுக்க கிரீஸ். தானாகவே பதினேழில் திறந்துகொண்டது.

"இன்னொரு நோட்டு இருக்கா?"

வாங்கும்போது எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாக வாங்கியிருந்தேன். பதினாலு பக்கங்களை இழுப்பறையில் போட்டு மூடினேன். பேனாவில் மை நிரப்பினேன்.

"நான் படிக்கறேன்," என்றான். "நீ எழுது."

அவன் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். நான் எழுதினேன். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "இங்க ஒண்ணை அடி அக்கா, நீ அடிப்பியே," என்றான். அடித்தேன். டீயை மறந்துவிட்டோம். மழை வந்தது, எழுதினேன். போர்வை மேல் அம்மாவின் கை வந்தது, எழுதினேன்.

"மகள் கையைப் பற்றிக்கொண்டாள்," என்று படித்தான்.

பேனா நகர்ந்தது. "மகள் அங்கே இல்" என்று எழுதியிருப்பதை நான் பார்ப்பதற்கு முன்னால் அவன் பார்த்துவிட்டான். ஒன்றும் திட்டவில்லை. விரலை அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மாத்தாத அக்கா."

அடியில் இருக்கும் எழுத்து தெரியாதபடி அழுத்தி அடித்தேன். மேலே அவன் சொன்னதை எழுதினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனான்.

நாலு மணிக்குப் பதிப்பாளர் வந்தார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். அந்த அடித்தல் வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது போதும் மேடம். இந்த ஒரு இடம் போதும். எவ்வளவு தவிச்சிருக்கீங்க. இதெல்லாம் மெஷினுக்கு வருமா? இதையே அட்டைல போடறேன்."

"போடுங்க சார்," என்றான் தம்பி, நான் வாய் திறப்பதற்கு முன்னால்.

உறுதிமொழித் தாளை நீட்டினார். அச்சடித்த ஒரு வரி, கீழே கோடு. கையெழுத்துப் போட்டேன். மை காய்வதற்காகத் தம்பி அதை வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டான்.

"புதுப் பதிப்பு வெளியீட்டு விழாவுல அந்த மழை ஜோக்கைக் கண்டிப்பா சொல்லணும் மேடம்," என்றார் பதிப்பாளர்.

"சொல்றேன்," என்றேன்.

தம்பி தலை நிமிராமல் என் கையெழுத்தின் மேல் ஊதிக்கொண்டிருந்தான்.